இரண்டு கட்சிக்கும் ஒரே பந்தி

ஜூலை 9, 1838. திங்கள்

தேர்தலுக்கு இன்னும் நான்கு வாரம். அதுவரை இந்தச் சத்திரத்தில் நல்ல மனிதர் யாருக்கும் இடம் கிடையாது.

மாடியில் தெற்கு அறை வக்கீல் பெட்டிபோனுக்கு. அவர் விக் கட்சி. வடக்கு அறை கர்னல் ஹேடக்குக்கு. அவர் ஜனநாயகக் கட்சி. இண்டியானா சட்டசபையில் எங்கள் பகுதிக்கு இருப்பது ஒரே இடம், அதற்கு இந்த இருவரும் போட்டி. மிச்சிகன் சாலையில் இந்தப் பக்கம் மெத்தை போட்ட படுக்கை உள்ள ஒரே சத்திரம் என்னுடையது என்பதால் இரண்டு எதிரிகளும் ஒரே கூரையின் கீழ் தூங்குகிறார்கள். நடுவில் இருப்பது பலகைச் சுவர். குறட்டையில் கொள்கை வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

கர்னலுக்குப் படை என்று ஒன்றும் கிடையாது. வருஷத்தில் ஒரு நாள் ஊர் ஆண்கள் சோளத்தட்டையைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பார்கள். முன்னால் இவர் குதிரையில் போவார். அதனால் கர்னல். வக்கீல் கிழக்கே படித்தவர். பேசினால் கண் கலங்கும். ஏழைகளைப் பற்றிப் பேசினால் கலங்குவது சரி. இவருக்கு வங்கியைப் பற்றிப் பேசினாலும் கலங்குகிறது.

மே மாதத்துக்குப் பிறகு மழை இல்லை. கிணற்றுக் கயிற்றை இன்று மறுபடி நீட்டிக் கட்டினேன்.

ஜூலை 11

ஜனநாயகக் கட்சிக்காரர்கள் தங்கள் கட்சிச் சின்னமான ஹிக்கரி மரம் ஒன்றைக் கொண்டுவந்து என் வாசலில் கம்பமாக நட்டார்கள். மதியத்துக்குள் விக் கட்சிக்காரர்கள் எதிரே அதைவிட உயரமாக ஒன்று நட்டார்கள். சாயங்காலம் ஜனநாயகக் கட்சி தன் கம்பத்தின் உச்சியில் ஒரு துடைப்பத்தைக் கட்டி உயரத்தைக் கூட்டியது. துடைப்பம் என்னுடையது.

இவர்கள்தான் குடியரசைக் காப்பாற்றப் போகிறவர்கள்.

ஜூலை 13

மார்கரீத் வந்தாள். ஏரி மீனும் ஒரு கூடை நீலப்பழமும் கொண்டுவந்தாள். காப்பி கொடுத்தேன்.

ஏரிக்கரையில் இருக்கிற பொட்டாவட்டமி ஜனங்களில் அவள் ஒருத்தி. பிரெஞ்சுப் பாதிரியார் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மார்கரீத். என்னைப்போல விதவை. அவள் ஜனங்கள் எங்களுக்கெல்லாம் முன்பிருந்தே இந்த மண்ணில் இருக்கிறவர்கள். அவள் வீட்டு ஜன்னலில் கண்ணாடி இருக்கிறது. என் வீட்டில் பாதி ஜன்னலுக்கு இன்னும் எண்ணெய்த் தாள்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் என் கணவர் காய்ச்சலில் கிடந்தபோது ஊரில் ஒருவரும் வாசலில் கால் வைக்கவில்லை. இவள்தான் கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இதை எழுத வேண்டிய அவசியம் இல்லை. எழுதிவிட்டேன்.

"இந்த ரெண்டு பேர்ல யார் ஜெயிச்சா எங்களுக்கு நல்லது?" என்று கேட்டாள்.

"ஒருத்தர் ஆடு, இன்னொருத்தர் மாடு. உன் தோட்டத்துல யாரை விட்டாலும் மேயத்தான் செய்வாங்க."

அவள் சிரிக்கவில்லை. "ஏரியை விட்டுக்கொடுத்துட்டதா ஒரு ஒப்பந்தம் எழுதியிருக்காங்க. என் தம்பி ஜோசப் அதுல கையெழுத்துப் போடல. போட்டவங்க யாரும் எங்க ஏரியில இருக்கறவங்க இல்ல. இப்ப எங்களை மிசிசிப்பி ஆத்துக்கு அந்தப் பக்கம் போகச் சொல்றாங்க. கெசையா, உன் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டுத்தானே அந்த ரெண்டு பேரும் பேசறாங்க? நீ ஒரு வார்த்தை கேளேன்."

"எனக்கு ஓட்டா இருக்கு, என் பேச்சைக் கேட்க?"

"ஓட்டு உள்ளவங்க யாரும் எனக்குப் பழக்கம் இல்ல. நீதான் இருக்க."

கேட்கிறேன் என்று சொல்லிவைத்தேன். மீன் நன்றாக இருந்தது. கர்னல் நான்கு சாப்பிட்டார்.

ஜூலை 15. ஞாயிறு

கேட்டேன்.

கர்னல் கத்தியால் பல்லைக் குத்திக்கொண்டே பதில் சொன்னார். "அவங்க போயாகணும், டன்லாப் அம்மா. இங்கே எனக்கு ஓட்டுப் போடற ஒவ்வொருத்தனும் நிலத்துக்காகத்தான் போடறான். சாலை போட்டாச்சு, கால்வாய் வரப்போகுது, நடுவில் செவ்விந்தியனுக்கு ஏரி எதுக்கு?"

வக்கீல் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கண் கலங்கியது. "இது நம்ம தேசத்துக்கே அவமானம். வாஷிங்டன்ல எங்க கட்சிப் பெரியவங்க இதை எதிர்த்து எவ்வளவு பேசியிருக்காங்க தெரியுமா?"

"அப்ப நீங்களும் இங்கே பேசுங்களேன்."

"பேசணும். சனிக்கிழமை கூட்டத்தில் பேசறேன். உங்களுக்கு வாக்குக் கொடுக்கறேன்."

என் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார். வெட்டுப்படாத, காய்ப்பு இல்லாத கை. இந்த ஊரில் அப்படி ஒரு கையை நான் பார்த்ததே இல்லை. பாதிரியாரின் கைகூட இதைவிட முரடு.

ஜூலை 20

வக்கீலின் சட்டையை நானே தேய்த்துக் கொடுத்தேன். வேலைக்காரப் பெண் தேய்த்தால் காலர் மடங்கிவிடுகிறது.

ஜூலை 21. சனி

வக்கீல் இரண்டு மணி நேரம் பேசினார். கால்வாயைப் பற்றிப் பேசினார். வங்கி, அதிபரின் கொடுங்கோன்மை, ரோமாபுரியின் வீழ்ச்சி எல்லாம் வந்தன. கூட்டத்தின் ஓரத்தில் மார்கரீத்தும் அவள் தம்பியும் நின்றிருந்தார்கள். கடைசியில் வக்கீல் ஏரி இருக்கும் திசையில் கையை நீட்டினார். "அதோ, காலங்காலமாக யாருக்கும் பயன்படாமல் கிடக்கும் அந்த நீர்நிலை" என்று ஆரம்பித்தார். கைதட்டலில் மிச்சம் காதில் விழவில்லை. விழவேண்டிய அவசியமும் இல்லை.

மார்கரீத் என்னைப் பார்த்தாள். ரொட்டி கருகுகிறதென்று நான் உள்ளே வந்துவிட்டேன்.

தேய்த்த சட்டை முழுக்க வியர்வை. தரையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அங்கேயே கிடக்கட்டும்.

ஜூலை 22

காலையில் வக்கீல் மன்னிப்புக் கேட்க வந்தார். தோற்றால் யாருக்கும் நல்லது செய்ய முடியாதாம். நல்லது செய்வதற்காகவே கெட்டது பேசினாராம். இதைச் சொல்லும்போதும் கலங்கினார். ஊரே வறண்டு கிடக்கிறது, இவர் கண்ணில் மட்டும் ஊற்று.

பிறகு இன்னொன்று சொன்னார். ஏரிப் பகுதியைக் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டதும் எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தலைநகர் அங்கேதான் வருமாம். நீதிமன்றம் வரும். வக்கீல்கள், சாட்சிகள், ஜூரிகள் எல்லாருக்கும் சாப்பாடு வேண்டும், படுக்கை வேண்டும். கரையோரம் ஒரு நல்ல மனை இருக்கிறதாம், கிணறே தோண்ட வேண்டாமாம். உங்களைப்போல ஒருவர் அங்கே சத்திரம் வைத்தால் என்ன என்றார். அந்த மனையில் இப்போது யாருடைய வீடு இருக்கிறதென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முட்டை ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்றேன்.

இன்று வாளியில் சேறுதான் வந்தது. துணியில் வடிகட்டினேன். ஏரியில் தண்ணீர் ஒரு சாண்கூட இறங்கவில்லையாம்.

ஆகஸ்ட் 6. திங்கள்

தேர்தல். காலையிலிருந்தே ஊர் முழுக்கக் குடி. இரண்டு கட்சிகளும் போட்டி போட்டு ஊற்றின. ஒரே ஆள் ஜனநாயகக் கட்சியின் விஸ்கியைக் குடித்துவிட்டு விக் கட்சிக்கு ஓட்டுப் போட்டான். அவனைப் பிடித்து அடித்தார்கள். அடித்தவர்களில் பாதிப்பேர் விக் கட்சிக்காரர்கள், யார் எந்தக் கட்சி என்று பார்க்கும் நிலையில் அவர்கள் இல்லை.

வக்கீல் கொஞ்சம் ஓட்டில் ஜெயித்தார். கர்னல் மோசடி என்று கத்தி, அவரைத் துப்பாக்கிச் சண்டைக்குக் கூப்பிட்டார். வக்கீல் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 8

இருவரும் ஒரே மேஜையில் காலைச் சாப்பாடு. ஒருவருக்கொருவர் தேன் ஜாடியை நகர்த்திக் கொடுத்துக்கொள்கிறார்கள். ஏரிக்கரை வரைபடம் நடுவில் விரிந்திருக்கிறது. வெண்ணெய்க் கறை பட்ட இடத்தில் நீதிமன்றம் வருமாம்.

ஒரு மாதமாக இவர்கள் சண்டை போட்டது எதற்காக என்று யோசித்தேன். யோசித்த நேரத்துக்கு இரண்டு ரொட்டி சுட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 22

மாநிலத் தலைநகரிலிருந்து கர்னலுக்கு உத்தரவு வந்திருக்கிறது. தொண்டர் படை திரட்டச் சொல்லி. கடைசியில் அவருக்கு நிஜத் துப்பாக்கிகள் கிடைக்கப்போகின்றன. முகம் அப்படி மலர்ந்து கிடக்கிறது.

சமையலறைக்கு வந்தார். வக்கீல் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றார்.

"டன்லாப் அம்மா, ஏரி ஜனங்களோட பெரியவங்களைக் கூப்பிட்டு ஒரு தடவை உட்கார்ந்து பேசணும். நான் கூப்பிட்டா வரமாட்டாங்க. நீங்க கூப்பிட்டா வருவாங்க. இங்கேயே ஒரு விருந்து வச்சுடலாம்."

"என்ன பேசணும்?"

"அவங்க குறையைக் கேட்கணும்."

"கேட்கிறதுக்குத்தானே?"

"கேட்கிறதுக்குத்தான்." கர்னல் இதைக் காப்பிப் பானையைப் பார்த்துச் சொன்னார்.

நான் வக்கீலைப் பார்த்தேன். அவர், "இது நடந்தா எல்லாருக்கும் நல்லது. அந்த மனை விஷயமும் நான் மறக்கல" என்றார்.

கர்னல் நூறு பேருக்குச் சமைக்கச் சொன்னார். ஏரியிலிருந்து வரக்கூடிய பெரியவர்கள் இருபது பேருக்கு மேல் இருக்காது. மிச்சம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சமையல்காரி பந்தியில் உட்காருகிறவர்களை விசாரிப்பதில்லை.

ஆகஸ்ட் 24

வண்டி கட்டிக்கொண்டு ஏரிக்குப் போனேன். மார்கரீத் தோட்டத்தில் இருந்தாள். ஜோசப்பும் வந்தான்.

ஜோசப் வேண்டாம் என்றான். "கர்னலோட எனக்கென்ன பேச்சு? இத்தனை நாள் கேட்காதவர் இப்ப ஏன் கேட்கறார்?"

மார்கரீத் என்னிடம், "யார் சமைக்கிறது?" என்றாள்.

"நான்தான்."

"நீயும் கூட இருப்பியா?"

"என் வீடு. வேற எங்க போவேன்?"

அவள் தம்பியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். நீண்ட நேரம் சொன்னாள். என் கணவரின் பெயர் நடுவில் ஒருமுறை வந்தது. கடைசியில் அவன் சரி என்று தலையாட்டினான்.

திரும்பும்போது ஒரு பீப்பாய் ஏரித் தண்ணீர் ஏற்றிவிட்டாள். நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29

இரண்டு பன்றி, ஒரு கன்றுக்குட்டி, பீன்ஸ், சோள ரொட்டி. தோள்பட்டை விட்டுப்போகிறது.

ஆகஸ்ட் 30. வியாழன்

வந்தார்கள். நல்ல உடை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜோசப் வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கட்சிக்காரர்கள் யாரும் என் வீட்டில் அதைச் செய்ததில்லை. மார்கரீத் சமையலறைக்கு வந்து, நான் சொல்லாமலே தட்டுகளை எடுத்து வைத்தாள்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு கர்னல் எழுந்தார். பேசுவார் என்று நினைத்தார்கள். அவர் ஜன்னலண்டை போய்க் கைக்குட்டையை அசைத்தார். களஞ்சியத்திலிருந்தும் சோளக்கொல்லையிலிருந்தும் ஆட்கள் துப்பாக்கியோடு வந்து வீட்டைச் சுற்றி நின்றார்கள். அதில் விக் கட்சிக்காரர்களும் ஜனநாயகக் கட்சிக்காரர்களும் சரிபாதி. எல்லாரையும் எனக்குத் தெரியும்.

வக்கீல் உத்தரவைப் படித்தார். மேற்கே போகும்வரை அனைவரும் காவலில். குரல் தழுதழுத்தது. அழகாகத்தான் படித்தார்.

ஜோசப் அசையவில்லை. தன் அக்காவைப் பார்த்தான். மார்கரீத் கையில் ஒரு தட்டோடு கதவருகில் நின்றிருந்தாள். அதை மெதுவாக மேஜையில் வைத்தாள், சத்தம் வராமல். பிறகு போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாப்பாட்டைத் தொண்டர் படை சாப்பிட்டது. நூறு பேருக்குச் சரியாக இருந்தது.

ஆகஸ்ட் 31

பாத்திரம் கழுவினேன்.

செப்டம்பர் 4. செவ்வாய்

ஏரிக்கரையிலிருந்து எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். கைக்குழந்தைகள், நடக்க முடியாத கிழவர்கள், சுகமில்லாதவர்கள் எல்லாரும். திரும்பி வரக்கூடாதென்று குடிசைகளைக் கொளுத்திவிட்டார்கள். நல்ல வீடுகளை மட்டும் விட்டுவைத்தார்கள். மார்கரீத் வீட்டை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று வக்கீல் எனக்குத் தனியாக வந்து சொன்னார்.

காலையில் ஊர்வலம் என் வாசல் வழியாகப் போனது. புழுதியில் முகமே தெரியவில்லை. ஜோசப்பையும் மற்றப் பெரியவர்களையும் கூண்டு வண்டியில் ஏற்றியிருந்தார்கள்.

தொண்டர் படை என்னுடைய இரண்டு செப்பு அண்டாக்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. நல்ல அண்டாக்கள். விடமுடியாது. வண்டியில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு பின்னால் போகிறேன். மாட்டுக்குத் தண்ணீர் வேண்டுமே.

செப்டம்பர் 5

வழியில் ஓடைகள் எல்லாம் காய்ந்து கிடக்கின்றன. மாடு எவ்வளவு குடித்துவிடும்? மிச்சத் தண்ணீரைப் பிள்ளைகளுக்கு ஊற்றினேன். கெட்டுப்போவதற்கு இது மேல்.

மார்கரீத் என் வண்டிப் பக்கம் வரவில்லை.

செப்டம்பர் 7

அண்டா கிடைத்துவிட்டது. படைச் சமையல்காரன் அதில் எதையோ அடிப்பிடிக்கவிட்டிருக்கிறான். தேய்த்தால் போய்விடும்.

சாலையை விட்டு மூன்று மைல் தள்ளி ஒரு குட்டை இருக்கிறதென்று சொன்னார்கள். மாலையில் போய்ப் பீப்பாய்களை நிரப்பிக்கொண்டு வந்தேன். நாளைக்குத் திரும்பலாம்.

செப்டம்பர் 9

காய்ச்சல் பரவுகிறது. நிழலில் கொஞ்சம் நில்லுங்கள் என்று யாரும் சொல்வதில்லை.

தொண்டர் படையில் ஒரு இளம் அதிகாரி என் வண்டியை நிறுத்தினான். "உங்களை யார் அனுப்பினது? விக் கட்சியா?"

"யாரும் அனுப்பல."

"விக் கட்சிதான் அனுப்பியிருக்கும். பத்திரிகையில எழுதி எங்களைக் கெட்டவங்களாக் காட்டறதுக்கு."

தண்ணீருக்கும் கட்சி இருக்கிறது என்று நினைக்கிற முட்டாளுக்குப் பதில் சொல்வதில் பயனில்லை. ஒரு குவளை கொடுத்தேன். குடித்தான்.

செப்டம்பர் 11

இன்று மார்கரீத் வந்தாள். ஜோசப்பின் கடைசிப் பெண், நான்கு வயது இருக்கும், அவள் தோளில் கிடந்தது. உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் குவளையை நீட்டினேன். அவள் என் கையிலிருந்து வாங்கவில்லை. வண்டியில் ஏறி, பீப்பாயிலிருந்து தானே மொண்டு, குழந்தையின் உதட்டை நனைத்தாள்.

"எனக்குத் தெரியாது மார்கரீத்" என்றேன்.

அவள் குழந்தைக்குக் கொடுத்து முடித்தாள். பிறகு சொன்னாள்:

"கர்னல் பொய் சொன்னார். வக்கீல் அழுதார். நீ சமைச்ச."

இறங்கிப் போய்விட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. கர்னலைப் பற்றி நான் பேசும்போது என் குரல் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

செப்டம்பர் 12

குழந்தை விடியற்காலையில் போய்விட்டது. சுற்றிப் புதைக்கத் துணி இல்லை. என் வெள்ளை உள்பாவாடையைக் கிழித்துக் கொடுத்தேன். பழையதுதான்.

மண் இரும்பாக இருந்தது. ஜோசப்பைக் கூண்டு வண்டியிலிருந்து இறங்கவிடவில்லை. மார்கரீத்தும் நானும் தோண்டினோம். அவளுக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம்.

செப்டம்பர் 16

மாநில எல்லை. இதற்கு மேல் வர அனுமதி இல்லை என்று அதிகாரி சொன்னான். என் மாடும் நொண்டுகிறது. பீப்பாய்களையும் இரண்டு அண்டாக்களையும் ஏரி ஜனங்களின் வண்டியில் ஏற்றிவிட்டேன். வெறும் வண்டிதான் லேசாகப் போகும்.

மார்கரீத்தைக் கூட்டத்தில் தேடினேன். அவள் முன்னால் போய்விட்டிருந்தாள்.

செப்டம்பர் 22. சனி

வீடு. நான் இல்லாத நேரத்தில் எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நான் கர்னலின் வேவுக்காரி என்று விக் கட்சி சொல்கிறது. வக்கீலின் ஆசைநாயகி என்று ஜனநாயகக் கட்சி சொல்கிறது. வேறு எந்தக் காரணத்துக்காகவும் ஒருத்தி வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு போகக்கூடும் என்று இந்த ஊரில் ஒரு மண்டைக்கும் எட்டவில்லை.

வக்கீலும் கர்னலும் தாழ்வாரத்தில் எனக்காகக் காத்திருந்தார்கள். புது ஊருக்கு வரும் செவ்வாய்க்கிழமை அடிக்கல் நாட்டுகிறார்களாம். ஊருக்கு யார் பெயர் வைப்பது என்பதில் மட்டும் இன்னும் சண்டை. இரண்டு கட்சிக்கும் சேர்த்து விருந்து.

"நீங்கதான் சமைக்கணும்" என்றார் கர்னல்.

"மாட்டேன்."

"களைப்பா இருக்கீங்க. நாளைக்குப் பேசலாம்" என்றார் வக்கீல்.

"நாளைக்கும் மாட்டேன்."

வக்கீல் என்னையே பார்த்தார். "அந்த மனை உங்க பேர்ல எடுத்து வச்சிருக்கேன். கட்சிக்காரங்க எல்லாரும் கேட்கறாங்க. உங்களுக்காகத்தான் பிடிவாதமா வச்சிருக்கேன்."

"கேட்கறவங்களுக்கே குடுத்துடுங்க. உங்க ரெண்டு பேரோட பெட்டியையும் சாயங்காலத்துக்குள்ள எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

கர்னல் சிரித்தார். வக்கீல் அழவில்லை. முதல் தடவையாக.

செப்டம்பர் 25

விருந்து நடந்தது. ஆலைக்காரர் மனைவி சமைத்தாளாம். நான் மறுத்த அன்றே, பெட்டிகளை வண்டியில் ஏற்றுவதற்குள்ளேயே அவளைப் பிடித்துவிட்டார்கள். இறைச்சி வேகவில்லை என்று சொன்னார்கள். ஆனாலும் எல்லாரும் சாப்பிட்டிருக்கிறார்கள், எல்லாரும் பேசியிருக்கிறார்கள், எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள். நான் மறுத்ததால் ஒரு தட்டுகூடக் குறையவில்லை.

ஆகஸ்டிலும் நான் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவளைத்தான் பிடித்திருப்பார்கள். அவளும் சமைத்திருப்பாள். இதை நினைத்துக் காலையிலிருந்து சமாதானமாக இருந்தேன்.

சாயங்காலம் அடுப்பைப் பற்றவைக்கும்போது தோன்றியது. அவள் கூப்பிட்டிருந்தால் மார்கரீத் வந்திருக்கமாட்டாள்.